ஆறு மணி நேரப் பிசகு

இரவு மெலாக்கு அடிஸ் அபாபாவிலிருந்து கூப்பிட்டார்.
“அஸ்னாகெச், உன் ஊர்க்காரர்கள் என்ன பேய்களா?
நடுநிசி ஒரு மணிக்குத் தண்ணீர் சுமக்கிறார்கள்.
மூன்றுக்கு அடுப்பு மூட்டுகிறார்கள்.
பட்டப்பகல் மூன்றுக்குக் கதவைச் சாத்திப்
பதினோரு வீட்டாரும் படுத்துவிடுகிறார்கள்.”

எங்கள் பக்கம் சூரியன் எழும்போது மணி பன்னிரண்டு.
யூகலிப்டஸ் நுனியை அது தாண்டினால் ஒன்று.
டேப்லெட்டின் நாளோ கும்மிருட்டில் தொடங்குகிறது,
கழுதைப்புலியைத் தவிர யாரும் விழித்திராத நேரத்தில்.
ஆறைக் கூட்டு, ஆறைக் கூட்டு என்று
பயிற்சியில் வாய் வலிக்கச் சொன்னார்கள்.
இரண்டு நாளும் கூட்டாமல் விட்டேன்.
சொன்னார்கள், சொன்னபடி எழுதிக்கொண்டேன்.

பாலம் வரை பஜாஜ் வண்டி.
அப்புறம் கோஜாம் சேறு, முழங்கால் வரை.

யெஷிஹரெக் மாவுப் பானையைத் திறந்துகொண்டிருந்தாள்.
“நேற்றுத்தானே வந்தாய்?”
“திரும்பவும் நேற்றைப் பற்றிக் கேட்க வேண்டும்.”
“எந்த நேற்று?”

முந்தாநாள் இனிச் செல்லாது.
ஒரு நாளுக்கு மேல் வைத்தால் நினைவு புளித்துவிடும் என்பது
விதி எழுதியவர்களின் எண்ணம். அதைச் சொன்னேன்.
மூன்று நாள் மாவைக் கரண்டியால் கிளறினாள்.
“புளிக்காததை எப்படிச் சுடுவது?”

ஒரு மணி. ஏழு என்று பதிந்தேன்.
ஓடை. முதுகில் மஞ்சள் கேன், முன்னால் துணியில் பிள்ளை.
“முதன்மை வேலை எது, துணை வேலை எது?”
“கேனை இறக்கி வைக்கலாம்.
இவனை இறக்கினால் ஓடைக்குள் போவான்.”
“அப்படியானால் பிள்ளைதான் முதன்மையா?”
“தண்ணீருக்குத்தானே போனேன்!”

இரண்டு மணி, சாணி. இரண்டே கால், சாணி.
இரண்டரைக்குப் புருஷன் வந்து தார்க்குச்சி எங்கே என்று கேட்டான்,
அவன் கையில்தான் இருந்தது.
அதை எழுதவா என்றேன். எழுது என்றாள்.

மூன்று மணி.
“நீ வந்தாய்” என்றாள்.

விரலால் தள்ளிக்கொண்டே போனேன்.
உழவு, கூலி, சந்தை, சாவு வீடு,
தலைவாருதல், தொழுதல், நோயாளிக்குத் துணை இருத்தல்.
அரசாங்கத்துக்குப் பதில் சொல்லுதல் என்று
எங்கேயும் இல்லை.
நான் தின்ற ஒன்றேகால் மணி நேரத்துக்கு
என் பட்டியலில் எண் இல்லை.

“காப்பி வறுத்தேனே, அதைப் போடு.”
போட்டேன். அபோல், முதல் சுற்று.
தோனா, இரண்டாம் சுற்று.
மூன்றாவது பெரெக்கா, ஆசி சேரும் கோப்பை.
அதற்கு நான் இருக்கவில்லை,
இன்னும் இரண்டு வீடுகள் பாக்கி.

“தனியாகக் குடித்தேன்” என்றாள். “கால் மணி நேரம்.”
எண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன்:
ஓய்வு, எதுவும் செய்யாமல் இருத்தல்.
“எதுவும் செய்யாமலா?
நீ கேட்டுவிட்டுப் போனாயே, ஓடைக்கு எவ்வளவு நேரம் என்று.
பச்சைக் கொட்டைகளை எடுத்துக் கால்மணிக்கு ஒன்றாக
இங்கே, இந்தத் தரையில், அடுக்கிப் பார்த்தேன்.
ஒரு வாரத்துக்கு.
அப்புறம் கல்யாணமான நாளிலிருந்து.”
“எவ்வளவு வந்தது?”
“கன்று கயிற்றை அறுத்துக்கொண்டது.
கொட்டையெல்லாம் மிதிபட்டுப்போச்சு.”

இன்று நான் எழுந்திருக்கவில்லை.
மூன்றாம் சுற்று வெந்நீர்போல நீர்த்திருந்தது.
இருவரும் குடித்தோம். மழை வந்து ஓய்ந்தது.
நாளைக்கு வேறு யாராவது வந்து
என் நேற்றைக் கேட்டால்
இதை எதில் சேர்ப்பேன் என்று யோசித்தேன்,
வேலையிலா, ஓய்விலா.

இரவு விடுதியில் மின்சாரம் வந்ததும் எல்லாவற்றையும் அனுப்பினேன்.
மெலாக்கு பதில் போட்டார்:
“சரியாக இருக்கிறது, மனிதர்களாகிவிட்டார்கள்.
ஒன்பதாம் வீட்டில் மட்டும் ஒரு கால்மணி.
‘மற்றவை, விவரிக்கவும்’ என்ற கட்டத்தில்
‘எண்ணிக்கொண்டிருந்தாள்’ என்று இருக்கிறது.
எதை?”

அப்போது மணி ஐந்து.
பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.
விளக்கை அணைத்தேன்,
பதில் எழுதவில்லை.