ஒன்பதாம் எண் ஜன்னல்

ஆண்டுச் சந்தா ஆயிரத்து எண்ணூறு,
என் சம்பளத்தில்.
காந்தி ரோட்டில் எங்கள் லாட்ஜுக்குச்
செயற்கைக்கோள் தெரிவது
ஒன்பதாம் எண் ஜன்னலில் மட்டும்.
ஆன்டெனா இருப்பதால் அந்த அறைக்கு
ஐம்பது ரூபாய் குறைவு.

இரைச்சல் இல்லை, விளம்பரம் இல்லை.
வங்காளப் பாட்டு வந்தால்
ஸ்கேன் கவரோடு நுழைகிறவர்கள்
கவுன்ட்டரில் சாய்ந்து நிற்கிறார்கள்,
சாவி கேட்க மறந்து.

பாலாற்றில் தண்ணீர் வந்ததை மட்டும்
அது சொல்லவே இல்லை.
சத்துவாச்சாரியில் கரண்ட் போனதையும்.
அதற்கெல்லாம் ஓனரின் ஓட்டை டிரான்சிஸ்டர்தான்.

நேற்று ஒன்பதில் நிர்மலேந்து பாபு.
ஆபரேஷன் ஆன மனைவிக்குக்
குளிர்காற்று ஆகாதென்று
ஆன்டெனாவை உள்ளே எடுத்துவைத்து
மரக்கதவைச் சாத்திவிட்டார்.
பெட்டி ஊமை.
மாடி ஏறினேன்.
தட்டக் கை எழவில்லை.

சந்தா புதுப்பிக்கச் சொல்லி
இன்று கடிதம்.
காட்பாடியில் அவர்கள் ரயில்
வெள்ளிக்கிழமை.
அப்புறம் பார்க்கலாம்.