ஒன்பதாம் நம்பர்

இரவு ஒன்று ஐம்பத்தெட்டு.
ஏலம் முடிய இரண்டு நிமிடம்.
பெரம்பூர் மேன்ஷனில்
என்னோடு ஃபேன் மட்டும் விழித்திருக்கிறது.

"இப்பவே ஜீபே பண்ணு ப்ரோ, ஆயிரம் குறைக்கிறேன்"
என்றவனை முந்தாநாளே விட்டாயிற்று.
இவனிடம் கேட்டது நாலு படம்:
நாக்கின் உள்பக்க லேபிள்,
குதிகால் தையல்,
பெட்டியில் ஒட்டிய எண்,
இன்றைய தினத்தாள் மேல் ஜோடியாக ஒன்று.

கடைசிப் படத்தின் ஓரத்தில்
தெரியாமல் விழுந்திருந்தது
அவன் கால் கட்டைவிரல்.
நகம் கறுத்து, பாதி உடைந்து.
லேபிளைவிட
அதைத்தான் நம்பினேன்.

உள்ளங்கையில் எழுதிய வரம்பு பதினைந்தாயிரம்.
பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பதில் எனக்கு விழுந்தது.
என் கால் எட்டு. அது ஒன்பது.
அதனாலென்ன, யார் போடப்போகிறார்கள்.

வியாழக்கிழமை மழை.
கணேசபுரம் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கமே
வண்டியை நிறுத்திவிட்டு போன் செய்தான் கூரியர்காரன்.
முழங்கால் தண்ணீரில்
பெட்டி தலைமேல்.
நடுவழியில் என் இடதுகால் செருப்பு
தன் போக்கில் போய்விட்டது.

வீடியோ ஓடவிட்டுத்தான் பிரித்தேன்.
லேபிள் சரி. தையல் சரி.
உள்ளே, வலது காலில்,
ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்ததுபோல்
கட்டைவிரல் அளவுக்கு லேசான பள்ளம்.

விளம்பரத்தில் 'புத்தம் புதுசு' என்றிருந்தது.
புகார் பொத்தான் சிவப்பில் இருந்தது.

ஈரக்காலோடு நின்று
'கிடைத்தது' என்று அழுத்தினேன்.
பிடித்துவைத்திருந்த பணம்
அந்தக் கறுத்த நகத்துக்குப் போனது.