சத்தமில்லாத வீடு, இருபத்து நாலு பக்கம்

கதவுக்கு என்ன நிறம் என்று கேட்டு
தயாளனுக்குப் போன் போட்டேன்.
பச்சை, என்றான், யோசிக்காமலே.
ஸ்பீக்கரில் அம்மா குறுக்கே வந்தாள்:
"கதவா? ஸ்ரீராமபுரத்து வீட்டுக்கு
முதல் ரெண்டு வருஷம் ஏது கதவு?
என் நைலக்ஸ் சேலைதானே தொங்குச்சு."
நான் ஏற்கெனவே நீலம் அடித்துவிட்டேன்.
ஜன்னலோரம் காய்கிறது.

இருபத்து நாலு பக்கம்.
நாலு, பதிப்பகத்தின் பெயருக்கும் விலைக்கும் போய்விடும்.
மிச்சத்தில் ஒரு குடும்பம் குடியிருக்க வேண்டும்,
பக்கத்துக்கு இருபது சொல்லுக்கு மிகாமல்.
"குழந்தைங்க படிக்கறது, ஜெயக்கொடி.
சோகம் வேண்டாம். நிறம் வேணும்"
என்றாள் ரேவா காமத், இந்திரா நகர் அலுவலகத்தில்,
முலாம்பழக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி.

நிறமா இல்லை?
மஞ்சள் குடம், ஆரஞ்சுக் குடம்,
அம்மா கார்மென்ட்ஸிலிருந்து கொண்டுவரும் வெட்டுத்துணியில்
எந்த நாட்டுக்கோ போகவேண்டிய பூக்கள்.
இல்லாதது சத்தம்தான்.
ரயில் மட்டும் கத்தலாம். அதற்கு அனுமதி உண்டு.

அப்பாவுக்கு ராத்திரி ஷிஃப்ட்.
காலை ஏழரைக்கு வந்து கால் கழுவி
கம்பளியை இழுத்து மூடினால்
சாயங்காலம் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.
நானும் தயாளனும் கண்டுபிடித்தோம்
சத்தமில்லாமல் சிரிக்க:
வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழு,
தோள் மட்டும் குலுங்கட்டும்.
கண்ணில் தண்ணீர் வந்தவர் ஜெயித்தவர்.
சண்டையும் அப்படித்தான்.
கிள்ளு வாங்கியவர் சுவரைப் பார்த்து
வெறும் வாயால் கத்துவார்.

ஒருமுறை டம்ளர் விழுந்தது.
அப்பா திட்டவில்லை.
எழுந்து உட்கார்ந்து, எந்த ஊர் என்று தெரியாதவர்போல
எங்களையே பார்த்தார்.
திட்டியிருக்கலாம்.

அவர் முகம் எனக்கு வரைய வரவில்லை.
மீசை வருகிறது. மூக்கு தயாளனிடம் இருக்கிறது,
வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம்.
கண்தான். மூடியே பார்த்த கண்.
எனவே நாலாம் பக்கத்தில் ஒரு கம்பளிக் குவியல்.
ஏழில் அதே குவியல், மேலே ஒரு ஈ.
பன்னிரண்டில் மழை. ஒழுகும் இடத்தில் கிண்ணம்,
கிண்ணத்துக்குள் துணி,
சொட்டுவது கேட்கக் கூடாதே.
பதினைந்தில் ஒரு பாதம் மட்டும் வெளியே.

கீழ்வீட்டு சுஹாஸுக்கு நாலு வயசு.
தாள்களை வரிசையாகக் காட்டினேன்.
கம்பளியில் விரல் வைத்தான், விரல் பழுப்பானது.
"பெட்டா," என்றான்.
மலை. அவன் பாஷையில் மலை.
இல்லடா, என்று ஆரம்பித்தேன்.
அதற்குள் அடுத்த தாள். "இல்லூ பெட்டா!"
இங்கேயும் மலை.
பதினைந்தில் நின்றான். ரொம்ப நேரம் பார்த்தான்.
மலைக்கு எதற்குக் கால், என்று கேட்டான்.
எங்கே போகப் போகிறது?

சரிவு ஒரு பக்கம், பாறை ஒரு பக்கம்,
உச்சியில் கொஞ்சம் நரை.
அடிவாரத்தில் தாயம் ஆடும் இரண்டு பேர்,
மலை எழுந்துவிடாதபடி
தாயக்கட்டையை உருட்டாமல்
பூப்போல இறக்கிவைக்கிறார்கள்.

மில்லை மூடினார்கள்.
அதற்குப் பிறகு அப்பா பகலெல்லாம் விழித்திருந்தார்.
"பேசுங்களேன்" என்பார்.
எங்களுக்குத்தான் சத்தம் போட வரவில்லை.
நான் ஏழாவது. தயாளனுக்குக் குரல் உடைந்துகொண்டிருந்தது.

இதை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தெரியவில்லை.
வைக்கவில்லை.

கடைசித் தாளில் மடித்துவைத்த கம்பளி,
தரையில் உருளும் டம்ளர்.
இருபது சொல்லுக்கு இடம் உண்டு.
ஒன்றே ஒன்று எழுதினேன், பெரிய எழுத்தில், தாள் முழுக்க:
டணங்.

ரேவாவுக்கு முன்னால் தயாளனுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.
சோறு வடித்தேன், தூரிகை கழுவினேன்.
பத்தரைக்கு ஒரு செய்தி:
கதவு பச்சைதான்டி.