நாக்கு வெட்டுகிறவனின் அறை

ஹென்னிங்ஸ்வேரில் பிப்ரவரி பிறந்தால்
படகுகள் காட் மீனோடு வரும்.
பள்ளி விட்டதும் பிள்ளைகள் கத்தியோடு துறைமுகம் போவார்கள்.
அறுத்த தலையை ஆணியில் குத்தி
ஒரே இழுப்பில் நாக்கை எடுத்து வாளியில் போட வேண்டும்,
கிலோவுக்கு இத்தனை குரோனர்.
என் மகன் சோண்ட்ரேவுக்குப் பதினைந்து வயது. கை வேகம்.
மொபெட்டுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வருடம் அவன் அறையில் ஒரு வாடை.

மீன் வாடை எனக்குத் தெரியாதா,
மீன் விற்ற காசில் எழும்பிய ஊர் இது.
ஆனால் இது, கதவைத் திறந்ததும்
முகத்துக்கு நேரே வந்து நின்றது
கடன் கொடுத்தவன் மாதிரி.

முதலில் அவன் ரப்பர் அங்கியை
வாசலுக்கு வெளியே துரத்தினேன்.
பிறகு பூட்ஸ். பிறகு பை.
திரைச்சீலையை அறுபது டிகிரியில் துவைத்தேன்;
சுருங்கிப்போய் இப்போது பாதி ஜன்னலில் தொங்குகிறது.
கட்டிலுக்கடியில் கிடைத்தவை:
ஒற்றைக் காலுறைகள் ஏழு,
பச்சை பூத்த கோப்பை,
எப்போதோ ஆரஞ்சாக இருந்த ஏதோ ஒன்று.
பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
மெத்தையில் சமையல் சோடா தூவி
கிண்ணம் கிண்ணமாக வினிகர் வைத்தேன்.
இரண்டு நாள் அறை ஊறுகாய் ஜாடி.
மூன்றாம் நாள்
ஊறுகாய்க்குள் மீன்.

ஜன்னலைத் திற என்றேன். ராத்திரியும் திறந்தே இருக்கட்டும்.
வெளியே மைனஸ் எட்டு.
ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு
கம்பளித் தொப்பியோடு தூங்கினான்.
வாடை கூடியது.

நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும்.
என்னுடையது பேசியது,
ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் நண்பன் யோஸ்தெய்ன்
சாப்பாட்டு மேஜையில் இருக்கும்போதே:
"நீ குளிக்கிறாயா, இல்லை
குழாயை மட்டும் திறந்துவிட்டு நிற்கிறாயா?"
யோஸ்தெய்ன் சிரித்தான்.
சோண்ட்ரே ஒரு உருளைக்கிழங்கின் தோலை
மிக நிதானமாக உரித்தான்.

அதற்குப் பிறகு நாளுக்கு மூன்று குளியல்.
கையில் எலுமிச்சை தேய்த்தான்; வெடிப்புகளில் எரிந்திருக்கும்.
யாரையும் மாடிக்குக் கூட்டி வரவில்லை.
மார்ச் நடுவில், மீன் குவிந்த வாரத்தில்,
கத்தியைக் கழுவித் துடைத்து
கரண்டிகளோடு இழுப்பறையில் போட்டான்.
"போதும்" என்றான்.
நான் நல்லது என்றேன்.
நல்லது என்றுதான் சொன்னேன்.

பத்து நாள் மீன் தொடாத கை.
வாடை மட்டும் தவறாமல் வேலைக்கு வந்தது.

எலக்ட்ரீஷியன் குன்வோர் வந்தது என் அடுப்பைப் பார்க்க.
ஃபியூஸ் பெட்டி மாடியில்.
இருமிக்கொண்டே படியேறியவள் அவன் கதவருகே நின்றாள்.
"இங்கே ஹீட்டரை எதில் செருகியிருக்கிறீர்கள்?"
பதிலுக்குக் காத்திராமல் கட்டிலை இழுத்தாள்.
சாக்கெட் மூடியைக் கழற்றினாள்.
உள்ளே பழுப்பும் கறுப்புமாக
வாய் கோணிய பிளாஸ்டிக்.
சூடேறினால் இதில் சில ரகம்
அழுகின மீன் மாதிரிதான் நாறும், என்றாள்.
தலையணையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கையால் அளந்தாள்:
ஒரு சாண், நாலு விரல்.
"இன்னும் ஒரு குளிர் ராத்திரி..." என்று ஆரம்பித்தாள்.
இருமல் வந்தது. முடிக்கவில்லை.

ஜன்னலைத் திறக்கச் சொன்னவள் நான்.
குளிர் ஏற ஏற ஹீட்டர் உழைத்தது,
அது உழைக்க உழைக்கச் சுவர் வெந்தது.

அவன் பள்ளியிலிருந்து வந்தான்,
வாசலுக்கு வெளியிலேயே, பழக்கத்தில்,
மேல்கோட்டைக் கழற்றத் தொடங்கினான்.
"உள்ளே கொண்டு வா" என்றேன்.
உருகின சாக்கெட்டை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.
வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.
சொன்னேன், கடைசியில். மோசமாகத்தான் சொன்னேன்.
அவன் அதை எடுத்து முகர்ந்தான்.
"இது காட் வாடையே இல்லை, அம்மா.
புது காட் நாறாது."
தொழில் தெரிந்தவன் சொல்கிற மாதிரி.

மேலே போனான்.
கட்டில் இழுபடும் சத்தம்.
பிறகு படிக்கு மேலிருந்து ஒரு குரல்:
"இப்போ ஜன்னலை மூடலாமா?"