ஒன்று முதல் ஐந்து வரை

தலைமை அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது,
ஆளுக்கொரு பக்கம்.
'நிறுவனத்தின் மீதான ஈடுபாடு:
ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிடவும்.'
வெள்ளி மாலைக்குள்
பீன்யா கிளையின் நாற்பத்தொரு பேருக்கும்
நான் போட்டு முடிக்க வேண்டும்.

ஏசுபாதம் சுலபம். ஐந்து. பேனாவிலேயே போட்டேன்.
மாரிக்குப்பத்தில் இருட்டோடு ரயிலேறி
மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி
நான் வருவதற்குள் ஒரு முறை
மெஷினைத் துடைத்து முடித்திருப்பார்.
இருபத்துநாலு வருஷம்.
எடுக்காத லீவு முந்நூற்றுப் பன்னிரண்டு நாள்.
மகள் நிச்சயதார்த்தத்துக்கு அரை நாள் கேட்டார்,
எதையோ உடைத்துவிட்டவர்போல.

சிந்துஜாவுக்குப் பென்சிலில் இரண்டு.
சேர்ந்து பதினோரு மாதம்.
ஆறடித்தால் ஹெல்மெட் கையில்.
"ஓவர்டைம் கட்டாயமா சார்?"
இல்லை என்றேன்.
"அப்ப சரி."
போய்விட்டாள்.
அந்த இரண்டு சொல் ரெண்டு நாள் உறுத்தியது.
அவள் வயதில்
என் வாயில் அது வந்ததேயில்லை.

புதன்கிழமை ராஜினாமா கொடுத்தாள்.
இரண்டை அழித்து ஒன்றாக்கினேன்.
கொஞ்சம் அழுத்தியே.

நாலு மணி டீயில் ஏசுபாதத்திடம் கேட்டேன்,
இத்தனை லீவையும் என்னதான் செய்யப்போகிறீர்கள்?
பிஸ்கட்டை நனைத்தபடி சொன்னார்:
"சுரங்கத்தை மூடின அன்னிக்கு
எங்கப்பா லீவுல இருந்தார் சார்."
பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது.
"பைத்தியக்காரத்தனம்தான். தெரியும்.
ஆனா வீட்ல உக்காந்தா
இங்க கேட்டு சாத்தற சத்தம் கேக்குது."

அடையாள அட்டையைத் திருப்பித் தர வந்த சிந்துஜாவிடம்
படிவத்திலுள்ள கேள்வியைத்தான் கேட்டேன்: காரணம்?
"பொம்மசந்திரால எங்கப்பா
பதினெட்டு வருஷம் ஒரே கம்பெனி சார்.
லாக்டவுன்ல வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க.
இன்னும் அதத் திறக்கல அவரு.
மேல தெரியற ஒரு வரிய மட்டும்
அப்பப்ப பாத்துக்கறாரு."
சம்பளம் அங்கே எவ்வளவு என்று
கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

மேஜைமேல் ஒரு நோட்டு விட்டுப்போயிருந்தாள்.
நாலாம் நம்பர் மெஷின்,
எந்தச் சூட்டில் அதிரும், எந்த மாசத்தில் முரண்டும்,
மூன்று நிற மையில் தொண்ணூறு பக்கம்.
யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை.
கடைசிப் பக்கத்தில் அடிக்கோடிட்டு:
'காலையில் முதல் பீஸ்
ஏசுபாதம் சார் காதால் கேட்ட பிறகே.'

ஒன்றை அழித்தேன். நாலு போட்டேன்.
அதையும் அழித்தேன்.
ரப்பர் சூடாகித் தாள் கிழிந்தது.
ஐந்துக்கும் ஏதாவது செய்யலாமென்று பார்த்தால்
அது பேனா.
என் பெயருள்ள பக்கத்தை
மேலாளர் நிரப்புவாராம்; எட்டிப் பார்க்கவில்லை.
ஓட்டையோடே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது:
பக்கம் பதினேழு தெளிவாக இல்லை.
மறுபடி அனுப்பவும்.