சனிக்கிழமை, பத்திலிருந்து இரண்டு வரை

பத்து மணிக்கு ஹாம்பர்க் குடும்பம் கிளம்பிவிட்டது.
இரண்டு மணிப் படகில் லியோன்காரர்கள் வருகிறார்கள்.
நடுவில் இருக்கும் நாலு மணி நேரம்தான்
ஜூன் முதல் செப்டம்பர் வரை
எங்கள் வீடு எங்கள் வீடாக இருக்கிற நேரம்.
அதையும் துடைப்பத்தோடு கழிக்கிறோம்.

அம்மா சலவை இயந்திரத்தின் வயிற்றில் தட்டி
சீக்கிரம் என்கிறாள், கழுதையை அதட்டுவதுபோல.
அப்பா குளியலறைக் குழாயிலிருந்து
யாரோ ஒருத்தியின் செம்பட்டை முடியை இழுக்கிறார்,
நீளமாக, வலை இழுக்கிற பொறுமையோடு.
கோடை முழுக்க நாங்கள் படுப்பது கீழே, படகுக் கொட்டகையில்.
தம்பி யோஷ்கோ சொல்வான்:
"நம்ம வீட்டுக்கு நாமதான் குளிர்கால விருந்தாளிங்க."

நான் என் அறையில் இருக்கிறேன்.
விளம்பரத்தில் அதன் பெயர் லாவெண்டர்.
கதவு நிலையில் பென்சிலால் என் உயரம்:
ஐந்து வயது, ஏழு வயது, ஒன்பது.
நடுநடுவே நான் பார்த்தே இராத பிள்ளைகள்:
மத்தியாஸ், க்ளோயி,
பெயர் எழுதத் தெரியாத ஒருவன் வரைந்த மீன்.
எட்டு வயதில் நான் எவ்வளவு இருந்தேன் என்பது
அந்த மீனுக்கு அடியில் போய்விட்டது.

இன்று மூன்று மணிக்குப் படிவத்தைப் பூட்டிவிடுவார்கள்.
முதல் விருப்பம் எது, இரண்டாவது எது.
விரலால் இழுத்தால் மேலே போகும்,
விட்டால் கீழே விழும்.
கடல் வானிலையியல்.
சுற்றுலா மற்றும் ஓய்வு மேலாண்மை.
காலையிலிருந்து இரண்டையும் ஏற்றி இறக்குகிறேன்
துறைமுகத்துப் பெட்டிகள் மாதிரி.

ஓய்வு மேலாண்மை!
ஓய்வு ஒழிச்சல் இல்லாத வீட்டிலிருந்து ஒருத்தி
ஓய்வில் பட்டம் வாங்கப் போகிறாளாம்.
அம்மா சிரித்தாள், இயந்திரம் சுற்றி நிற்கும்வரை.
பிறகு சிரிக்காமல் கேட்டாள்:
"தலையணை உறை மாட்ட மூணு வருஷப் படிப்பா, வின்கா?"

விருந்தாளிக்கு மூன்று நாள் என்று
எங்கள் தீவிலும் ஒரு சொலவடை உண்டு.
இப்போது குறைந்தது ஏழு இரவு,
முன்பணம் திருப்பித் தரப்படாது.

பாடத்திட்டம் முழுவதையும் படித்தேன்.
கணக்கியல். இரண்டாம் அந்நிய மொழி.
புகார்களைக் கையாளுதல்
(அது எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே முடிந்துவிட்டது).
அப்புறம் மூன்றாம் ஆண்டில், கடைசி வரியில்,
'தாங்குதிறன்: ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும்?'
அங்கே நின்றுவிட்டேன்.

ஆகஸ்டில் தண்ணீர்க் கப்பல் வாரம் மூன்று முறை வருகிறது.
பத்து மணிக்குமேல் ரொட்டி கிடைக்காது.
தீவுக்கு ஒரே மருத்துவர்; அவரும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு
மருந்துக்கடை மாடியில் படுக்கிறார்.
படகு நிரம்பினால் இன்னொரு படகு விடுவார்கள்,
அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு.
வேறொரு கணக்கும் இருக்கிறதா?
இருந்தால் அதைப் போடுகிறவர்கள் யார்,
படகுக் கொட்டகையில் ஒரு ராத்திரியாவது படுத்தவர்களா?

வானிலை படித்தால்
காற்று எப்போது வரும் என்று சொல்லலாம்.
வராதே என்று காற்றிடம் சொல்ல முடியாது.
மனிதர்களிடம் சொல்லலாம். ஒருவேளை.
இந்த வாரம் இடமில்லை, தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று
சிரித்த முகத்தோடு, மூன்று மொழிகளில்.

புதிதாக விரித்த விரிப்பில் படுத்துக்கொண்டே இழுத்தேன்.
மேலே போனது.
விரலை எடுத்தேன்.
விழவில்லை.

பதினொரு நிமிடம் அப்படியே கிடந்தேன்
என் கட்டிலில், ஜன்னலைத் திறந்து, கடலைப் பார்த்து.
இந்தக் காட்சிக்கு ஓர் இரவுக்குத் தொண்ணூறு யூரோ.

"வின்கா! படகு முனையைத் தாண்டிருச்சு!"

எழுந்தேன்.
விரிப்பில் என் அளவுக்கு ஒரு பள்ளம்.
போன வருஷம் ஒருவர் எழுதியிருந்தார்:
எல்லாம் அருமை, படுக்கையில் சுருக்கம்,
ஒரு நட்சத்திரம் குறைவு.
நீவிவிடக் கை நீட்டினேன்.
பாதியில் விட்டுவிட்டு
துண்டுகளை மடிக்கப் போனேன்.