ஒன்றுக்கு ஒரு மேடு

பிப்ரவரி. எசில் ஆறு கல்லாகிவிட்டது.
துளையிட்டு, துளைக்கொரு ஆள் குந்தியிருக்கிறான்
கெண்டையோ கெளுத்தியோ எதற்கோ.
ஆஸ்தானாவின் கண்ணாடிக் கோபுரங்கள்
முப்பத்தொரு டிகிரிக் குளிரில் பல்லைக் கடித்து நிற்கின்றன.

நேற்றிரவு இரண்டு மணிக்கு
பிஸ்மத்தை அவிழ்த்துவிட்டோம்.
என் அண்ணன் ஒராஸ்பெக் வயிற்றுப் புண்ணுக்கு
வேளைக்கு இரண்டாய் விழுங்குகிறானே, அதே பிஸ்மத்.
என்ன, எலக்ட்ரான்களைக் கழற்றி
எழுநூறு மெகா வோல்ட் வெறியேற்றியது.
விசையை அழுத்தியவள் நான்.
சத்தமே இல்லை. திரையில் ஒரு கோடு
எழுந்தது, விழுந்தது.
தலகாத்தோவிச் தேநீர் ஊற்றினார்.

இலக்கு, நகக்கண் அகலக் குருந்தக் கல்.
மாணிக்கமும் நீலமும் எதுவோ அதுதான்
நிறம் மட்டும் சேராமல்.
வைரத்தைத் தவிர வேறெதுவும்
கீற முடியாது என்று பெயர் வாங்கியது.

ஓர் அயனி உள்ளே போகிறது.
அணுவை இடிப்பதில்லை; எலக்ட்ரான்களை உலுக்கியபடி போகிறது.
இமையின் ஒரு மயிர் அசைவதற்குள்
கோடிமுறை நடந்து முடியக்கூடிய அந்த நேரத்தில்
நூல் தடிமனுக்குக் கல் உருகி,
இடம் போதாமல் மேலே பிதுங்கி,
பிதுங்கிய கோலத்திலேயே இறுகிவிடுகிறது.
உயரம் நான்கு நானோமீட்டர்.
போனது அடியில் எங்கோ நின்றுவிட்டது.
நுழைந்த வாயில் மட்டும் வீங்கியிருக்கிறது.

இன்று காலை முதல் ஊசிமுனையால் தடவுகிறேன்,
வரி வரியாக, கண் தெரியாதவள் முகம் தடவுவதுபோல.
மேடுகள் எழுகின்றன திரையில்.
கோஸ்தனாய் விமானத்தில் ஒருமுறை
சாய்வெயிலில் பனிவெளியைப் பார்த்தேன்:
எந்தக் காலத்து வீரர்களோ, அவர்கள் குதிரைகளோ,
மண்மேடு மண்மேடாய், ஒவ்வொன்றுக்கும் நீல நிழல்.
யாருக்கும் சொல்லத் தெரியாத பதுக்கைகள்.
அவற்றில் ஒன்று ஒராஸ்பெக் உழும் கோதுமை வயலில் இருக்கிறது.
சட்டப்படி சுற்றித்தான் உழவேண்டும்.
சுற்றித்தான் உழுகிறான்,
ஆண்டுக்கு ஒரு சால் உள்ளே தள்ளி.

ஒரு சதுர மைக்ரோமீட்டரில்
ஐந்நூறு விழுந்ததாகக் கருவி சொன்னது.
நான் எண்ணியது நானூற்று அறுபத்தொன்று.
மறுபடி எண்ணினேன். அதேதான்.
"முப்பத்தொன்பது எங்கே?"
தலகாத்தோவிச் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"மற்றதன் தலையில் விழுந்திருக்கும்.
கணக்குப் போட்டுப் பார், கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும்."
போட்டேன். வந்தது.
இருந்தாலும், புதைத்த இடத்திலேயே புதைபட்ட
அந்த முப்பத்தொன்பதையும்
அட்டவணையில் தனி நிரலாக எழுதினேன்.
அடித்துவிடச் சொன்னார். அடிக்கவில்லை.

பிறகுதான் ஊசி திடீரென்று சரிந்தது.
திரை கறுத்தது. பள்ளம்.
எத்தனை நூறு நானோமீட்டர் என்று
அளவுகோல் சொல்ல மறுத்தது.
இரு கரையிலும் உடைந்த பாறைகள்,
என் நானூற்று அறுபத்தொன்றில்
பத்திருபதை விழுங்கிய பிளவு.
எந்த அயனி இப்படிச் செய்யும்?
விரித்துப் பார்த்தேன், இன்னும் விரித்தேன்.
நேராக வந்து, மூலையில் மடங்கி, கீழே இறங்கியது.

ஏழு.

மாதிரி எண் ஏழு.
வைர முனையால், திங்கட்கிழமை, அவசரத்தில்,
பின்பக்கம் என்று நினைத்து
முன்பக்கத்தில் நானே கீறியது.

தலகாத்தோவிச் வெகுநேரம் சிரித்தார்.
"ராய்ஹான், உனக்கு எதற்கம்மா சைக்ளோட்ரான்?"

மாலை மருந்துக்கடையில் நின்றேன்.
ஒராஸ்பெக் தொலைபேசியில் இருந்தான்.
இந்த ஆண்டு மேட்டுக்கு எத்தனை அடி விட்டாய் என்று கேட்டேன்.
பனி மூடிக் கிடக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்றான்.
அப்புறம் மாத்திரையை நினைவுபடுத்தினான்.
ஒரு பெட்டியில் நூற்றுப்பன்னிரண்டு.
பையில் போட்டுக்கொண்டு
ஆற்றின் மேலேயே நடந்து வந்தேன்,
இருட்டில், மீன்காரர்களின் துளைகளுக்கு
இடம் விட்டு.